வீரணன் நெஞ்சில் ஏறிய ஹாரன்

மலையில மண்ணு சரிஞ்சு தெய்வக்கனி பஸ்ஸு கவுறப் பாத்த அந்த ஐப்பசி மாசத்துல, பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் கை கால் ஒடிஞ்சாலும் உசுரோட வந்துட்டாக, கோழிக்கூடையோட ஏறுன பெரியவரு கூட கோழியோட வந்துட்டாரு, பஸ்ஸோட ஹாரனை மட்டும் காணோம். கண்ணாடி கிடந்துச்சு, ஸ்டியரிங்கு கிடந்துச்சு, டிரைவர் சீட்டுக்கு மேல மாட்டியிருந்த சாமி படம் மாலையோட கிடந்துச்சு, ஹாரன் இருந்த எடத்துல மட்டும் ரெண்டு ஒயரு தொங்குதுன்னு மெக்கானிக்கு வந்து சொன்னான். எவனோ களவாண்டுட்டான்னு முதலாளி போலீசுக்குக் கெளம்புன நேரத்துலதான், ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா கைதவறித் தட்டைக் கீழ போட, கட்டில்ல படுத்திருந்த டிரைவர் வீரணன் நெஞ்சுக்குள்ள இருந்து 'பாஆஆஆம்'னு அந்த ஹாரன் அடிச்சுச்சு. வார்டுல இருந்த நோயாளி அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு ஓரமா ஒதுங்கி வழி விட்டாக.

நான் பவுனுத்தாயி, வீரணன் வீட்டுக்கு எதுத்தாப்புல மாவு மில்லு வச்சிருக்கேன். ஆனைக்கெடங்கு ஊருல மலையடிவாரத்தை ஒட்டுன பள்ளத்தெரு எங்க தெரு. நேரா வந்து என் மில்லுக்கிட்ட வெடுக்குன்னு திரும்பும். மனுசன் நெஞ்சுக்குள்ள பஸ் ஹாரன் எப்படிப் போகும்னு என்கிட்ட யாரும் கேக்கப்படாது, கேட்டா எனக்குக் கோவம் வரும். ஒருத்தனுக்கு நெஞ்சுல சளி எறங்குது, இவனுக்கு ஹாரன் எறங்குச்சு, அம்புட்டுத்தான். நெஞ்சு இவனோடது, ஹாரன் முதலாளியோடது, நடுவுல உங்களுக்கு என்ன வேலை?

வீரணன் நல்ல டிரைவர். பொண்டாட்டி ரஞ்சிதத்துக்கு மலைமேல மேல்காடு எஸ்டேட்டு பால்வாடியில வேலை; தெனமும் புருசன் பஸ்ஸுலயே இஞ்சினை ஒட்டுன சீட்டுல உக்காந்து போவா, வருவா; வயித்துல புள்ளை உண்டானப்பவும் அதே சீட்டுதான், வளைகாப்புப் போட்டு ஆத்தா வீட்டுக்குப் போற நாள் வரைக்கும் அதே சீட்டுதான். இவன் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஹாரன் அடிப்பான், குறைக்க மாட்டான். மேல்காடு போய்ச் சேந்ததும் திரும்பிப் பாக்காமக் கேப்பான், "எல்லாரும் இறங்கியாச்சா?" கண்டக்டர் சிக்கந்தர் பின்னாடி இருந்து சொல்லுவான், "இறங்கியாச்சு மாமா." அதுக்கப்புறந்தான் இஞ்சினை அணைப்பான். அந்த ரெண்டு வார்த்தையைக் கேக்காம அவன் ஒரு நாளும் சாவியைத் திருப்புனதில்ல.

விபத்து நடந்த அன்னிக்கு ரஞ்சிதம் ஆத்தா வீட்டுல; மழையில ஒரு மலை வளைவுல ரோடு பேந்து, பஸ்ஸு முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்க, ஒத்த மரம் தடுத்து நிறுத்தியிருக்கு. இவன் பிரேக்குல வச்ச காலையும் எடுக்கல, ஹாரன்ல வச்ச கையையும் எடுக்கல. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எஸ்டேட்டு சனம் கயித்தோட ஓடியாந்து ஒவ்வொருத்தரா இறக்கியிருக்காக. சிக்கந்தர் தொடை ஒடிஞ்சு முன்னாடியே மயங்கிட்டான். கடைசியா வீரணனைத் தூக்குனப்ப அவனுக்கும் நெனவு இல்ல. அன்னிக்கு அந்தக் கேள்வியக் கேக்கவும் ஆளில்ல, பதில் சொல்லவும் ஆளில்ல.

வீடு வந்து சேந்தவனுக்கு, குக்கர் விசிலடிச்சா நெஞ்சு ஹாரனடிக்கும், கதவு சாத்துனா அடிக்கும், பக்கத்து வீட்டுல தும்முனா அடிக்கும், முதுகுக்குப் பின்னாடி யாராச்சும் "என்னப்பா"ன்னு கேட்டா அடிக்கும். உள்ளங்கை வேர்த்து, கண்ணு முழிச்சு, ஓடப்போற மாடு கணக்கா நிப்பான், அடிச்சு முடிச்சதும் "மன்னிச்சுக்கங்க"ன்னு எல்லாரையும் பாத்துக் கும்புடுவான். பாவிப் பய, அவன் கும்புடுறதுதான் எனக்குத் தாங்காது.

தெரு ஒரு வாரத்துல பழகிருச்சு. எங்க சனத்துக்கு எதுவும் பழகிரும், கரண்டு இல்லாமப் பழகல? மாடு ஹாரன் சத்தத்துக்குப் பால் விடப் பழகுச்சு. மெயின் ரோட்டுல போற லாரிக்காரன் யாரோ பின்னாடி வாரான்னு ஒதுங்கி ஒதுங்கி டீக்கடைக்குள்ளயே வந்து நிறுத்துனதுல டீக்கடைக்கு யாவாரம் கூடுச்சு. குடிச்சுட்டுத் தெரு நடுவுல படுக்குற என் கொழுந்தன் கூட அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு ஓரமாப் போய்ப் படுத்தான், அந்த மட்டுக்கும் புண்ணியம். முதலாளி ஒரு நாளு காருல வந்து, "ஹாரன் என்னோடது, புது பஸ்ஸுக்கு வேணும்"னு கேட்டு வீரணன் சட்டைப் பொத்தானக் கழட்டிப் பாத்தாரு. பாத்த நேரம் நான் பெல்ட்டைப் போட்டு மில்லை ஓட விட்டேன். ஹாரன் அடிச்ச அடியில மனுசன் செருப்பை விட்டுட்டுப் போனவருதான், செருப்பை எடுக்கக்கூட வரல.

இதெல்லாம் சிரிப்பா இருந்துச்சு, தை மாசம் வீரணன் புள்ளை பாக்கப் போற வரைக்கும்.

மார்கழி பொறந்தன்னிக்கு, இவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே, ரஞ்சிதத்துக்குப் பொம்பளப் புள்ளை பொறந்துருச்சு. உடம்பு தேறி இவன் நடக்க ஆரம்பிச்சதும் புதுச் சட்டை போட்டுக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போனான். மாமியா ஒச்சம்மா லேசுப்பட்ட ஆளில்ல, அவ மொறச்சா அடுப்புல பாலு பொங்காது. தொட்டிலுக்குள்ள இவன் குனிஞ்சு துணியை விலக்குறான், நெத்தி தெரியுது, அந்நேரம் அடுப்படியில ஒரு சொம்பு உருண்டுச்சு. 'பாஆஆஆஆம்!' கூரையில இருந்த பூனை கெணத்துக்குள்ள விழுந்துச்சு, வீட்டுல இருந்தவுகெல்லாம் வாசலுக்கு ஓடுனாக, வீரணனும் கூட ஓடுனான். திரும்பி வந்து பாத்தா புள்ளை கண்ண மூடி, கையக் காலைத் தொங்கப் போட்டு அசையாமக் கிடக்கு. "ஐயோ, எம்புள்ளைக்கு மயக்கம் வந்துருச்சே"ன்னு ஒச்சம்மா நெஞ்சுல அடிச்சு, மருமகனை வாசப்படியில நிறுத்தி வச்சுச் சொன்னா:

"மாப்பிள்ளை, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்தச் சனியன் உங்க நெஞ்சை விட்டு இறங்குற வரைக்கும் எம்மகளும் வரமாட்டா, பேத்தியும் வரமாட்டா. அஞ்சாம் மாசம் கொண்டாந்து விடணும், அதான் முறை. அதுக்குள்ள அதை அடக்குங்க. முடியாட்டி இங்கயே வளரட்டும்."

அஞ்சாம் மாசம்னா சித்திரை. வீரணன் திரும்பி வந்து என் மில்லு வாசல்ல உக்காந்தான். "நெத்தி மட்டும் பாத்தேன்க்கா"ன்னான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, வந்த கோவத்துல "நாசமாப் போறவனே, அழ வைக்காதடா"ன்னு கத்துனேன், அதுக்கும் ஒரு ஹாரன் அடிச்சுச்சு.

மறுநாளே நானும் பூசாரி மொக்கச்சாமியும் அவனைக் கூட்டிக்கிட்டு, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருந்த டாக்டரம்மாகிட்டப் போனோம். அந்தம்மா கொழாயைக் காதுல மாட்டி இவன் நெஞ்சுல வைக்கவும் கதவு காத்துல அடிக்கவும் சரியா இருந்துச்சு. கொழாயோட சேந்து கீழ உக்காந்துட்டாக. காதைத் தேச்சுக்கிட்டே சிரிச்சாக, நல்ல பொம்பளை.

"பயப்படாதீங்க, இது பேயும் இல்ல, கிறுக்கும் இல்ல. அன்னிக்கு அந்த ஹாரன்தானே எல்லாரையும் காப்பாத்துச்சு? அதனால உங்க உடம்பு அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிருச்சு. ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல, நீங்க வாயால சொன்னாலும் நம்பாது. மூச்சைக் கொஞ்சமா இழுத்து, விடும்போது மெதுவா, நீளமா விடுங்க. உடம்புக்கு அதுதான் புரியும். அப்புறம், வீட்டுல எது சத்தம் போடப் போகுதுன்னாலும் இவருகிட்ட முன்கூட்டிச் சொல்லிட்டுப் போடுங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பழகும்."

மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. மூச்சு விடச் சொல்லி அனுப்பிட்டாக. "அதைத்தானடி பொறந்ததுல இருந்து விட்டுக்கிட்டிருக்கோம்"னு தெரு பூரா ஒரே பேச்சு. அன்னிக்குச் சாயங்காலம் கோயில் வாசல்ல கூடி, எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைச் செய்யுறதுன்னு முடிவாச்சு. வீரணனுக்காகத் தெருவே காப்புக் கட்டிக்கிருச்சு.

அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனா எங்க ஊருல உலக்கை போடக்கூடாது, கடுகு தாளிக்கக்கூடாது, ஊரை விட்டு வெளிய தங்கக்கூடாது. அதே சட்டத்தை வீரணன் காதுக்கு விரிச்சோம். மஞ்சக் கயித்தை மணிக்கட்டுல கட்டுன நிமிசத்துல இருந்து பள்ளத்தெருவுல சத்தம்ங்குறதே கிடையாது. குக்கர் குண்டைக் கழட்டிப் பரண்ல போட்டோம், ஆட்டு மணியை அவுத்தோம், புள்ளைக கொலுசை அவுத்தோம், என் மில்லைப் பூட்டுனோம், கதவு கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டோம், கொழாயடிச் சண்டையை மட்டும் நிறுத்த முடியல, ஆனா சத்தமில்லாமச் சண்டை போட்டோம். கெட்ட வார்த்தைக்கெல்லாம் கையால ஒரு சாடை கண்டுபுடிச்சது எங்க தெருதான், இன்னிக்கும் அந்தச் சாடை சுத்துப்பட்டுல ஓடுது. தாளிக்காத கொழம்பைத் தின்னு தின்னு ஆம்பளைக நாக்குச் செத்துப் போச்சு. சேவலுக்கு வாயைக் கட்டுனோம், அது எங்களப் பாத்த பார்வை இருக்கே!

வீரணன் குணமாகல, மோசமாப் போனான். சத்தம் இருந்தப்ப சத்தத்துக்குத்தான் ஹாரன் அடிச்சுச்சு. இப்ப பல்லி நாக்குச் சப்புக்கொட்டுனா அடிச்சுச்சு, முருங்கை எல விழுந்தா அடிச்சுச்சு, அப்புறம் ஒண்ணுமே நடக்காததுக்கும் அடிச்சுச்சு. கழுத்தை நீட்டிக் காதைத் தீட்டி உக்காந்தே கிடந்தான், வயித்துக்குச் சோறு எறங்கல, வத்திப் போனான். "சத்தம் வந்தாக்கூடத் தேவலைக்கா"ன்னு என்கிட்ட குசுகுசுத்தான், "வரப்போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன் பாருங்க, அதுதான் முடியல." காப்பை அவுக்கலாமான்னு யாருக்கும் யோசனை வரல. கட்டுன காப்பை நடுவுல அவுத்தா அம்மன் ஆத்தா விடுவாளான்னு பயம் எங்களுக்கு.

பங்குனி மாசம் சிக்கந்தர் ஊன்றுகட்டையோட வந்து எறங்குனான். தொடையில கம்பி வச்சுத் தச்சு அவனை அப்பத்தான் விட்டிருந்தாக. காப்பு விசயம் அவனுக்கு யாரு சொன்னா? தெரு மொனையில நின்னு, பாக்கெட்டுல இருந்த விசிலை எடுத்து, பழைய பழக்கத்துல 'பீ, பீ'ன்னு ரெண்டு ஊதுனான் பாருங்க. பூசாரி ஓடிவந்து ரெண்டு கையாலயும் அவனைத் திட்டுனாரு. நாங்க காதைப் பொத்திக்கிட்டு வீரணனைப் பாத்தோம்.

ஹாரன் அடிக்கல. தூக்கிக் கெடந்த தோளு ரெண்டும் இறங்கி, வீரணன் நீளமா ஒரு மூச்சு விட்டான். அந்த விசிலு எப்ப வரும், எதுக்கு வரும்னு அவனுக்குத் தெரியும்ல.

"என்ன மாமா, தெருவே செத்த வீடாக் கெடக்கு?"ன்னான் சிக்கந்தர்.

நான் டாக்டரம்மா சொன்னதையும் நாங்க செஞ்சதையும் சொன்னேன். எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு, "அந்தம்மா சொல்லிட்டுச் சத்தம் போடச் சொன்னாக, நீங்க சொல்லாமச் சத்தத்த நிறுத்திட்டீக. நல்லா இருக்கீகளாக்கா எல்லாரும்?"ன்னு கேட்டான். மொதல்ல காப்பை அவுத்தவரு பூசாரிதான். தாளிச்ச ரசத்துக்கு மனுசன் அம்புட்டு ஏங்கிப் போயிருந்தாரு, ஆத்தாவை அவரே சமாளிச்சுக்குவாராம்.

அன்னிக்கே சிக்கந்தர் டூட்டியை ஆரம்பிச்சான். வீரணன் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து, "மாமா, பவுனுத்தாயக்கா கடுகு தாளிக்கப் போகுது. எண்ணெய் காஞ்சுருச்சு. ரெடியா? ரைட்டு!"ன்னு விசிலு கொடுப்பான். கடுகு வெடிக்கும், வீரணன் நெஞ்சுக்குள்ள 'பா'ன்னு ஆரம்பிக்கும். "விடு மாமா, ஏர் பிரேக்கு விடுற மாதிரி விடு"ம்பான். வீரணன் உதட்டைக் குவிச்சு 'புஸ்ஸ்ஸ்ஸ்'னு மூச்ச விடுவான், ஹாரன் பாதியில அமுங்கும். கொழாயடிச் சண்டைக்குக்கூட விசிலு வாங்கிட்டுத்தான் சண்டை போட்டோம். "இருடி, சிக்கந்தர் ரைட்டு கொடுக்கட்டும்"னு ரெண்டு பேரும் குடத்தை இடுப்புல வச்சுக் காத்து நின்னதுல பாதிச் சண்டை ஆறியே போச்சு.

லாரி மாதிரி அடிச்சது ஆட்டோ மாதிரி ஆச்சு, அப்புறம் சைக்கிள் பெல்லு. ஒரு நாளு கோடை மழை தகரத்துல சடசடன்னு எறங்குனப்ப எல்லாம் பாழாப் போச்சு. மழைக்கு யாரு விசிலு கொடுக்குறது? மத்தியானம் பூரா ஹாரன் பழையபடி அலறுச்சு. "போச்சுடா, மறுபடியும் மலைமேல ஏறிட்டேன்டா"ன்னு வீரணன் புலம்புனான். சிக்கந்தர் அவன் முதுகோட முதுகு சாஞ்சு உக்காந்து, தானும் 'புஸ்ஸ்ஸ்'னு மூச்சு விட்டுக்கிட்டே இருந்தான். மழை ஓயுறதுக்கு முன்னாடியே ஹாரன் ஓஞ்சுச்சு.

சித்திரை பொறந்துச்சு. ஒச்சம்மா மகளையும் பேத்தியையும் தெரு மொனையில ஆட்டோவுலயே உக்கார வச்சுட்டு, தான் மட்டும் பரீட்சை வைக்க வந்தா. வந்தவ "வாங்க மாப்பிள்ளை"ன்னு கூடச் சொல்லல, கையில கொண்டாந்த பித்தளைத் தாம்பாளத்தைத் திடீர்னு தரையில போட்டா. விசிலும் இல்ல, ரைட்டும் இல்ல. வீரணன் திடுக்குன்னான், கண்ணை மூடுனான், 'புஸ்ஸ்ஸ்'னு விட்டான். ஹாரன் வரல. "வாங்கத்தை, காப்பி சாப்புடுங்க"ன்னான். ஒச்சம்மா முந்தானையால மூஞ்சியத் தொடச்சா, வேர்வையத் தொடச்ச மாதிரி பாவனை பண்ணுனா, நாங்களும் நம்புன மாதிரி இருந்தோம்.

ரஞ்சிதம் ஆட்டோவை விட்டு எறங்கி வந்து நீட்ட, வீரணன் புள்ளையக் கையில வாங்குனான். நெத்தியப் பாத்தான், அதுக்குக் கீழ மீதி மூஞ்சியையும் பாத்தான். அந்நேரம் பாத்து அந்தக் குட்டி வாயைத் தொறந்து அழுக ஆரம்பிச்சது, காப்பி ஆறியும் நிறுத்தல, விளக்கு வச்சும் நிறுத்தல. தோள்ல போட்டாச்சு, தொட்டில்ல போட்டாச்சு, வசம்பு, சக்கரத் தண்ணி, தாலாட்டு, பூசாரி திருநீறு, எதுக்கும் மசியல.

"அங்கயும் இப்படித்தான்"னா ரஞ்சிதம், கண்ணுக்குக் கீழ கருவளையத்தோட. "பொறந்ததுல இருந்து கோழித் தூக்கந்தான். ஒரே ஒரு நாளுதான் அசந்து தூங்குச்சு." சொல்லிட்டு வாயில கைய வச்சா. "ஆத்தா... இவரு வந்தாரே, அன்னிக்கு."

ஒச்சம்மா பேத்தியைக் குனிஞ்சு பாத்தா. "மயக்கம்னுல்லடி நெனச்சேன்..." வயித்துல இருந்த காலம் பூரா இஞ்சின் சீட்டுல உக்காந்து, வளைவுக்கு வளைவு அப்பன் அடிச்ச ஹாரனைக் கேட்டே வளந்த புள்ளைக்கு, தாலாட்டுன்னா அதுதான்னு எங்களுக்கெல்லாம் அப்பத்தான் உறைச்சுச்சு.

"அப்ப அடிங்க மாப்பிள்ளை!"ன்னா ஒச்சம்மா, "எதுக்கு நிக்கிறீக? அடிங்க ஹாரனை!"

எங்கிட்டு அடிக்க? வரல. நான் ஓடிப்போய் மில்லைப் போட்டேன், குக்கர் எல்லாம் ஒரே நேரத்துல விசிலடிச்சுச்சு, பூசாரி உடுக்கையடிச்சாரு, என் கொழுந்தன் சரவெடியக் கொளுத்துனான், நாங்க முன்னாடி வாயைக் கட்டி வச்ச சேவலு கூடப் பழி தீக்குற மாதிரி கூவுச்சு, ஒச்சம்மா தாம்பாளத்தைத் திரும்பத் திரும்பத் தரையில போட்டா, நாங்க அஞ்சாறு பேரு அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு "ஓய்!"னு கத்துனோம். பள்ளத்தெருவுல அப்படிச் சத்தம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அதுக்கு நடுவுல வீரணன், அழுகுற புள்ளையோட, 'புஸ்ஸ், புஸ்ஸ்'னு மூச்சு விட்டுக்கிட்டு, "வரமாட்டேங்குதே, நான் என்ன செய்யட்டும்"னு எல்லாரையும் பாத்து மன்னிப்புக் கேக்குறான். எனக்கு வந்த சிரிப்புல வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன்.

சிக்கந்தர் மட்டும் சத்தம் போடல. கையத் தூக்கி எங்களையெல்லாம் அடக்கிட்டு, ஊன்றுகட்டையோட வீரணனுக்குப் பின்னாடி வந்து நின்னு, ரெண்டு விசிலு கொடுத்தான். "ஏத்தியாச்சு மாமா. ரைட்."

வீரணன் அவனைப் பாத்தான். புள்ளையத் தோள்ல சாச்சான். உதட்டைக் குவிச்சு, நெஞ்சுல இருந்து இல்ல, வாயால, எல்லா அப்பன்மாரும் அடிப்பாகளே அந்த மாதிரி, "பாம்... பாம்"னு மெதுவா ஹாரன் அடிச்சுக்கிட்டு தெருவுல நடந்தான். தண்ணித்தொட்டிக்கிட்ட ஒரு "பாம்." கோயிலுக்கிட்ட ஒரு "பாம்." புள்ளையோட அழுகை விக்கலாச்சு, விக்கலு கொட்டாவியாச்சு, நாங்க அம்புட்டுப் பேரும் பஸ்ஸுல ஏறுன சனமாட்டம் பின்னாடியே போறோம்.

தெரு மொனை வரைக்கும் போய் வந்து, என் மில்லுத் திருப்பத்துல அவன் நின்னுட்டான். பஸ்ஸு தொங்குன அந்த மலை வளைவாத்தான் இது அவனுக்குத் தெரியுதுன்னு எனக்குப் புரிஞ்சது. சிக்கந்தர் விசிலை வாய்ல வச்சும் ஊதல. நாங்க மூச்ச விடல, நாங்க விடாத மூச்சையெல்லாம் சேத்து வீரணன் ஒருத்தனே நீளமா விட்டான். "பாம்"னான். திரும்புனான். திரும்பி நாலு எட்டு வச்சு, என் மில்லு வாசப்படியில புள்ளையோட உக்காந்தான். புள்ளை அவன் சட்டையில எச்சி வடியத் தூங்கிருச்சு.

திரும்பிப் பாக்காமக் கேட்டான், "எல்லாரும் இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சு மாமா"ன்னான் சிக்கந்தர். "எப்பவோ இறங்கியாச்சு."

வீரணன் சட்டைப் பொத்தான் இடுக்குல கைய விட்டு, நெஞ்சுல சாவியைத் திருப்புற மாதிரி ஒரு திருப்புத் திருப்புனான். நான் போய், அந்நேரம் வரைக்கும் ஓடிக்கிட்டே கிடந்த மில்லை நிறுத்திட்டு வந்தேன்.